இராவணன் கதையில் மண்டோதரி: மட்டக்களப்புக் களரியின் ஒரு துணைப்பாத்திரம்

மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தில் இராவணன் கதை போர்க்கதையாகவே ஆடப்படும். களரியில் நெடுநேரம் நின்று ஆடுபவன் இராவணன். அவனை அடுத்து இந்திரசித்தும் கும்பகருணனும் ஆட்டத்துக்குரியவர்கள். மண்டோதரி களரிக்கு வருவது சில தடவைதான். வாள் பிடித்துச் சுழன்றாடும் இடம் எதுவும் அவளுக்குக் கிடையாது. பார்த்திருப்போர் ஆரவாரம் செய்யும் தாளக்கட்டும் அவளுக்கு அமைவதில்லை. ஆயினும் கதையின் முடிவு அவள் கையில் இருக்கிறது. கணவனின் உடலுக்கு முன்னால் அவள் பாடி அழும்வரை இராவணனின் சாவு ஓர் அரக்கனின் சாவுதான். ஒரு பெருமன்னனின் வீழ்ச்சியாகச் சபையோர் அதை உணர்வது அவள் வாய்ப்பாட்டுக்குப் பிறகே. காவியத்தில் சிறிய இடத்தோடு தொடங்கிய இந்தப் பாத்திரம் கூத்துக் களரியிலும், பின்னர் பல்கலைக்கழக மேடையிலும் எவ்வாறு வளர்ந்தது என்பது கிழக்கிலங்கை நாடக வரலாற்றின் முக்கியமான பகுதி.

இக்கூத்து வேரூன்றிய ஊர்களைக் கல்குடாவிலிருந்து பார்க்கத் தொடங்கலாம். அது மட்டக்களப்பு நகருக்கு வடக்கே கோறளைப்பற்றில் கடலோரமாக உள்ளது. பாசிக்குடாவும் வாழைச்சேனையும் பக்கத்து ஊர்கள். அங்கிருந்து தெற்கே இறங்கினால் கிரான், கோரகல்லிமடு, சந்திவெளி, முறக்கொட்டாஞ்சேனை, சித்தாண்டி, வந்தாறுமூலை என்று வயலும் வாவியும் சூழ்ந்த ஊர்கள் வரிசையாக வரும். வயல் வேலை ஓய்ந்த நாட்களில் கூத்துப் பழகி, கோயில் முன்றலில் விடிய விடிய ஆடும் வழக்கம் இப்பகுதி ஊர்களில் வேரூன்றியது. ஊர் கூடித் தீர்மானித்த பின் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வரவழைக்கப்படுவார். குரலும் உடல்வாகும் பார்த்து ஆட்களைத் தெரிந்து, அவரவர் பாட்டை எழுதிக் கையில் கொடுப்பதைச் சட்டம் கொடுத்தல் என்பர். அதன் பின் மாதக்கணக்கில் இரவுப் பழக்கம், கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், முடிவில் அரங்கேற்றம். அரங்கேற்றத்தோடும் கதை முடிந்துவிடாது. வீட்டுக்கு வீடு சென்று ஆடுவதும் உண்டு.

களரி வட்டமானது. மண்ணைச் சற்று உயர்த்தி, சுற்றிவரக் கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டி அலங்கரிப்பர். நடுவில் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். சல்லரிக்காரரும், கொப்பி பார்த்துப் பாட்டை எடுத்துக் கொடுப்பவரும், பிற்பாட்டுக்காரரும் அவரைச் சுற்றி நிற்பர். ஆடுபவர் இவர்களைச் சுற்றிச் சுற்றி ஆடுவார். நாற்புறமும் சனம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முகம் பார்த்துக்கொண்டிருக்கும். பந்தத்தின் ஒளியிலும், பின்னாளில் பெற்றோமாக்ஸ் விளக்கின் ஒளியிலும் இந்த ஆட்டம் விடியும்வரை நடந்தது.

இக்களரியில் பெண்பாத்திரம் ஏற்றவர்கள் ஆண்களே. அரசர்களுக்கு மூங்கிலும் பிரம்பும் வளைத்துக் கட்டிய கரப்புடுப்பு, முடி, மார்புப்பதக்கம் எனப் பாரமான கோலம். மண்டோதரிக்கோ சேலை, நகை, கொண்டை. உடுப்பின் பாரத்தாலேயே பாதி அரசனாகிவிடும் வசதி பெண்வேடக்காரருக்கு இல்லை. அவர் குரலாலும் நடையாலும் மட்டுமே சபையைக் கட்ட வேண்டும். சன்னமான குரலும் மெலிந்த உடலும் உள்ள இளைஞருக்கே பெரும்பாலும் இச்சட்டம் போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்ட ஒருவர், விடியப்போகும் நேரத்தில், இரவு முழுதும் போர்த்தாளம் கேட்டுக் களைத்த சபையை அழவைக்க வேண்டும் என்பதுதான் மண்டோதரிச் சட்டத்தின் கடினம்.

மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இரண்டு வகை. தென்மோடியில் அலங்காரரூபன் நாடகம் போன்ற கற்பனைக் கதைகள் மிகுதி. பாட்டின் இழுவையும் ஆட்டத்தின் நுணுக்கமும் அதன் சிறப்பு. வடமோடியோ பெரும்பாலும் பாரதமும் இராமாயணமும். வீரமும் போரும் அதன் உயிர். கர்ணன் போர், பதினெட்டாம் போர், இராம நாடகம் என்று பெயர்களைச் சொன்னாலே கதையின் போக்கு புரியும். இவற்றில் பல வெற்றியில் முடிவதாகச் சொல்லப்பட்டாலும் களரியில் சனத்தின் மனம் தோற்றவன் பக்கமே சாயும். கர்ணன் விழும்போது கலங்கும் அளவுக்கு அருச்சுனன் வெல்லும்போது சபை மகிழ்ந்ததில்லை. அவலத்துக்கு வேண்டிய மண் இங்கே முன்னரே பதப்பட்டிருந்தது.

இராவணன் இக்கரையோர மக்களுக்கு அந்நியனும் அல்ல. கல்குடாவிலிருந்து கடற்கரையோடு வடக்கே போனால் திருகோணமலை. கோணேசர் மலையில் உள்ள பிளவை இராவணன் வெட்டு என்பர். கன்னியா வெந்நீர்க் கிணறுகளைத் தாயின் ஈமக்கடனுக்காக இராவணனே தோற்றுவித்தான் என்பது ஐதிகம். தாயின் மேல் அவ்வளவு பற்றுடைய மகனாக, சிவபூசை தவறாத பக்தனாக அவனை அறிந்திருக்கும் சனத்துக்கு, இராமாயணம் காட்டும் பத்துத்தலைப் பகைவன் முழு இராவணனாகத் தோன்றமாட்டான். தேவாரமும் இதற்குத் துணை. சம்பந்தர் தம் பதிகங்களில் பெரும்பாலும் 8ஆம் பாடலில் கயிலையைத் தூக்கி நசுங்கிய இராவணனை நினைவூட்டுவார். அங்கே அவன் தண்டிக்கப்படுபவன் மட்டுமல்லன், இசை பாடி அருள் பெறுபவனும்கூட. திருவாசகத்தின் குயிற்பத்து மண்டோதரியையே நேராகச் சொல்கிறது: தென்னிலங்கையின் அந்த அரசிக்குச் சிவன் பேரருள் செய்தான் என்கிறார் மாணிக்கவாசகர். இராமனோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், இராவணனின் மனைவி என்ற அளவிலும் நில்லாமல், தன் பக்தியாலேயே இடம்பெற்ற மண்டோதரி அவள். சைவ ஊர்களின் களரிக்கு அவள் வரும்போது இந்த மதிப்பும் கூடவே வருகிறது.

காவியங்களில் அவளுக்குள்ள இடத்தைப் பார்த்தால்தான் மேடை என்ன செய்தது என்பது தெளியும். வான்மீகத்தில் மண்டோதரி முதலில் தோன்றுவது உறக்கத்தில். இலங்கையில் சீதையைத் தேடும் அனுமன், இராவணனின் அந்தப்புரத்தில் தனிக்கட்டிலில் கிடக்கும் பேரழகியைக் கண்டு சீதைதான் என்று துள்ளுகிறான்; பிறகே தன் பிழையை உணர்கிறான். கம்பரும் இக்காட்சியைக் கையாண்டு, அவள் உறங்கும் நிலையிலேயே வரப்போகும் கேட்டின் அறிகுறிகளை அனுமன் காணும்படி செய்கிறார். ஒரு பாத்திரத்தை இப்படி அறிமுகம் செய்வதில் ஆழ்ந்த திட்டம் இருக்கிறது. சீதை என்று மயங்கத்தக்க பெண் ஒருத்தி இராவணனின் வீட்டிலேயே இருக்கிறாள். அவன் எதைத் தேடிக் கடல் தாண்டினானோ அது அவன் அரண்மனையில் முன்னமே இருந்தது. இராவணனின் குற்றத்தின் அளவை எந்த முனிவரின் சாபத்தைக் காட்டிலும் அந்த உறங்கும் முகம் தெளிவாகக் காட்டுகிறது.

கம்பரில் மண்டோதரி பேசும் இடங்கள் சில. அவை பெரும்பாலும் சாவுகளை ஒட்டியவை. அக்ககுமாரன் இறந்த செய்தி வந்ததும் கணவனின் காலில் விழுந்து அழுகிறாள். இந்திரசித்து இறந்த பின் தலையில்லாத மகனின் உடல்மேல் விழுந்து புலம்புகிறாள். அந்தப் புலம்பலில் சீதையை ஏசுவது அவள் நோக்கம் அல்ல. மகனுக்கு நேர்ந்த கதி நாளை கணவனுக்கும் நேரும் என்ற அச்சமே அவளை வாட்டுகிறது. அமுதாகத் தோன்றி நஞ்சாய் முடிந்தவள் சீதை என்று அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறாள். இப்பேச்சைக் கேட்ட இராவணன் சீதையை வெட்டவே வாளோடு புறப்படுகிறான், அமைச்சன் மகோதரன் தடுக்கிறான். ஒரு துணைப்பாத்திரத்தின் சில சொற்கள் கதையை எந்த விளிம்புக்குக் கொண்டுபோகக்கூடும் என்பதற்கு இது சான்று. மனைவியின் அழுகையில் உண்மையைக் கேட்டவன், அந்த உண்மையின்படி நடக்க மாட்டாமல், அதைச் சொல்லக் காரணமானவளை அழிக்க ஓடுகிறான். இராவணனின் மனத்தை இதைவிட நுட்பமாக வெளிப்படுத்தும் காட்சி காப்பியத்தில் குறைவு.

கடைசிப் புலம்பல் தமிழறிந்தோர் எல்லாரும் அறிந்தது. கணவனின் உடலெங்கும் அம்பு துளைத்திருப்பதைக் காணும் மண்டோதரி, சானகி மேல் அவன் வைத்த ஆசை உடம்பில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அந்த அம்பு தேடிப் பார்த்ததோ என்று கேட்கிறாள். அன்பும் மானமும் பொறாமையும் கழிவிரக்கமும் ஒரே கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன. அவனைக் குற்றவாளி என்று அவள் அறிவாள். அறிந்தே அழுகிறாள். வான்மீகத்தின் மண்டோதரியோ வேறொரு கோணத்தில் பேசுகிறாள்: தவத்தால் புலன்களை வென்று மூவுலகையும் வென்றாய், அப்புலன்களே பழைய பகையை மறவாமல் இன்று உன்னை வென்றன என்கிறாள். இராகவனோடு சமாதானம் செய் என்று முன்பே சொன்னேனே என்றும் நினைவூட்டுகிறாள். துளசிதாசரின் இராமசரிதமானசத்தில் அந்த அறிவுரை முழுக் காட்சிகளாகவே விரிகிறது. சீதையைத் திருப்பி அனுப்புமாறு மண்டோதரி மீண்டும் மீண்டும் வேண்டுகிறாள். கம்பர் அந்த வழியில் போகவில்லை. அவருடைய காப்பியத்தில் இராவணனுக்கு அறம் சொல்பவர்கள் வீடணன், கும்பகருணன், மாலியவான், கடைசியில் இந்திரசித்து. மண்டோதரிக்கு அவர் ஒதுக்கியது அழுகையை; அதன் முடிவில் கணவனின் உடலைத் தழுவியபடியே அவள் உயிரும் பிரிகிறது. வான்மீகத்தில் அவள் சாவதில்லை.

தமிழ் மரபிலேயே இந்த அழுகையை அளக்க ஒரு கருவி உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. இளிவு பிறரால் இகழப்படுவது, இழவு உற்றாரை இழப்பது, அசைவு முன்னைய நல்ல நிலை கெடுவது, வறுமை துய்க்க எதுவும் இல்லாமை. மண்டோதரியிடம் இந்நான்கும் சேர்ந்து நிற்கின்றன. மகனும் கணவனும் மாண்டது இழவு. மூவுலகையும் ஆண்டவனின் தேவி போர்க்களத்தில் தலைவிரிகோலமாய் நிற்பது அசைவு. அந்த அரசும் செல்வமும் ஒருங்கே போனது வறுமை. இவற்றைக் காட்டிலும் கூரியது இளிவு: கணவன் வேறொருத்திக்காகச் செத்தான் என்பது உலகறிந்த செய்தி. மற்ற மூன்றும் போரில் தோற்ற எந்த அரசிக்கும் வரக்கூடியவை. இந்த இளிவு இவளுக்கே உரியது. மண்டோதரி வேடத்தில் வெறும் ஒப்பாரி வைத்துவிட்டுப் போகும் நடிகர் இந்த இளிவைத் தவறவிடுகிறார். அது இல்லாவிட்டால் அவளுக்கும் வேறு எந்த விதவைக்கும் மேடையில் வேறுபாடு இராது.

அவல நாடகப் பாத்திரங்களைத் தமிழில் முறையாக ஆராயும் முயற்சி இக்கரையில் பிறந்த ஒருவரிடமிருந்தே வந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் ‘மதங்கசூளாமணி’ 1926இல் வெளிவந்தது. சேக்சுபியரின் பன்னிரண்டு நாடகங்களைத் தமிழ் மெய்ப்பாட்டுக் கோட்பாட்டோடும் வடமொழி நாடக இலக்கணத்தோடும் ஒப்பவைத்துப் பார்க்கும் நூல் அது. லியர் மன்னனும் மக்பெத்தும் அதில் தமிழ் வாசகருக்கு அறிமுகமாயினர். கூத்துக் களரியை அவர் அந்நூலின் பொருளாக்கவில்லை. ஆனால் மேடையில் ஒருவர் படும் துன்பத்தைச் சுவை என்ற அளவுகோலால் ஆராயலாம் என்ற வழியைப் படித்தவர்களுக்குத் திறந்துவைத்தார். வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வந்தபோது கூத்தும் இப்பிரதேசத்தின் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு பெற்றது.

அதே காலத்தில்தான் இராவணன் கதை புதிய மேடைக்குப் போயிற்று. எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாடகம மரபிலிருந்து 1956இல் ‘மனமே’யை உருவாக்கி, கிராமியக் கலையை நவீன அரங்குக்குக் கொண்டுவர முடியும் என்று காட்டியிருந்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன் (1924–1989) தமிழ்க் கூத்திலும் அதைச் செய்யலாம் என்று முனைந்தார். மட்டக்களப்புக் கூத்தை அவர் தேர்ந்தெடுத்தார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் பேராதனை மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். 1962இல் கர்ணன் போர் மேடையேறியது; தொடர்ந்து நொண்டி நாடகம்; 1960களின் நடுவில் இராவணேசன்; 1968இல் வாலிவதை. மட்டக்களப்புக் கிராமம் ஒன்றின் அண்ணாவியார் மலையகத்தின் பல்கலைக்கழகத்தில் மத்தளம் பிடித்தது அக்காலத்தில் சிறிய காரியம் அல்ல. நாட்டுப்புறத்தான் கூத்து என்று படித்தவர்கள் ஒதுக்கிவைத்த கலை அது. இந்த மதிப்பு மாற்றத்துக்காக வித்தியானந்தனும் அண்ணாவிமாரும் பட்ட பாட்டை இன்று அறிந்தவர்கள் குறைவு.

இந்நாடகங்களுள் இராவணேசன் தனித்து நிற்கிறது. கர்ணன் போர் களரியில் வழங்கிய கூத்தைச் சுருக்கிச் செம்மை செய்தது. இராவணேசனோ புதிதாக எழுதப்பட்டது. அப்போது மாணவராக இருந்த மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்த சி. மௌனகுரு எழுதினார். வடமோடி ஆட்டத்தையும் தரு, விருத்தம் என்னும் பாட்டு வகைகளையும் வைத்துக்கொண்டு, இராவணன் என்ற ஒரே மனிதனின் வீழ்ச்சியை மையமாக்கிய அவல நாடகம் அது. பழைய கூத்தில் கதை ஓடும். ஒருவர் பின் ஒருவராக வரவு ஆடுவர். யாருடைய மனத்திலும் நெடுநேரம் தங்கி நிற்க நேரமிராது. விடிய விடிய ஆடியதைச் சில மணி நேரத்துக்குள் அடக்கியபோது, வரவுகள் குறைந்து, ஒரு மனிதனின் உள்ளம் விரிய இடம் கிடைத்தது. அந்த இடத்தில்தான் துணைப்பாத்திரங்களின் வேலை மாறியது. இனி அவர்கள் கதையை நகர்த்த வருபவர்கள் அல்லர்; நாயகனின் ஒவ்வொரு பக்கத்தையும் காட்ட வருபவர்கள்.

கும்பகருணன் அண்ணனின் பிழையை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, உண்ட சோற்றுக்காகச் சாகப் போகிறான். இந்திரசித்தும் சீதையை விட்டுவிடு என்று சொல்லிப் பார்த்துவிட்டே களம் போகிறான். இருவரும் இராவணனின் பெருமையைக் கூட்டுகிறார்கள். பிழையென்று தெரிந்தும் உயிர் கொடுக்க ஆள் இருக்கும் மன்னன் சாதாரணமானவனாக இருக்க முடியாது. ஆனால் அவர்கள் ஆண்கள், வீரர்கள். சாவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. மண்டோதரிக்கு அது இல்லை. அவர்கள் ஒவ்வொருவரும் போய் மடியும்போது வீட்டில் இருந்து எண்ணிக்கொண்டிருப்பவள் அவள். போரின் கணக்கு முழுவதும் ஒருத்தியின் நெஞ்சில் ஏறுகிறது. முதலில் மகன் ஒருவன், பின்னர் கொழுந்தன், பின்னர் மூத்த மகன், கடைசியில் கணவன். மேடையில் ஒவ்வொரு தடவை வரும்போதும் அவள் சுமை கூடியிருக்கும். நடிப்பவர் அதைக் காட்டத் தனி வசனம் வேண்டியதில்லை. முந்திய வரவைவிட நடை தளர்ந்தால் போதும்.

இராவணனைத் தலைவனாக்கும் எந்த மேடைக்கும் மண்டோதரி கணவனுக்கு எதிரே நின்று பேசும் ஒரு காட்சி தேவைப்படுகிறது. கம்பர் அதைத் தவிர்த்தார். காப்பியத்தில் கவிக்கூற்று உண்டு, வேறு பல குரல்கள் உண்டு. நாடகத்தில் நாயகனின் அகப்போராட்டத்தை வெளியே கொண்டுவர ஒருவர் எதிரில் வேண்டும். அமைச்சரிடம் அரசன் தளர்ச்சியைக் காட்டமாட்டான். தம்பியிடம் மானம் தடுக்கும். மனைவியிடம் மட்டுமே அவன் மனம் திறக்கக்கூடும். அவளிடமும் பணிய மறுக்கும்போதுதான் அவன் மானம் எத்தனை வைரம் பாய்ந்தது என்பது சபைக்குத் தெரியும். மானத்துக்காக அழிவை அறிந்தே ஏற்கும் தலைவன் என்ற அவல நாயகன் அங்கே பிறக்கிறான். மண்டோதரியின் வேண்டுகோள் தோற்க வேண்டியது. ஆனால் அது தோற்கும்போது சபை அவள் பக்கம் இருக்க வேண்டும். அவள் சொல்வது சரி என்று தெரிந்தும், அவன் போவதைப் பார்த்து நெஞ்சு பதைக்க வேண்டும். இந்த இரண்டும் ஒருங்கே நிகழாவிட்டால் இராவணன் பிடிவாதக்காரனாகவோ மண்டோதரி அழுகுணியாகவோ சுருங்கிப்போவார்கள்.

பகைவரின் வீட்டில் அழும் அரசியைக் காட்டித் துயரத்தை உண்டாக்குவது உலக நாடகத்தின் மிகப் பழைய வழி. கி.மு. 472இல் ஏதென்சில் ஆடப்பட்ட ஈஸ்கிலசின் ‘பாரசீகர்’ நாடகத்தில், கிரேக்கரிடம் தோற்ற பாரசீக மன்னனின் தாய் அத்தோசாவின் துயரமே மேடையில் இருந்தது. பார்த்தவர்கள் வென்ற கிரேக்கர். கி.மு. 415இல் யூரிப்பிடீஸ் எழுதிய ‘துரோயப் பெண்கள்’ நாடகத்தில் கணவனையும் மக்களையும் இழந்த எக்குபா நாடகம் முழுதும் மேடையில் நிற்கிறாள். மண்டோதரி இவர்களின் இனம். வேறுபாடு ஒன்று: எக்குபா நாடகத்தின் தலைவியாகவே ஆகிவிட்டாள், மண்டோதரி கடைசிவரை துணைப்பாத்திரமாகவே நின்றாள். வங்காளத்தில் மைக்கேல் மதுசூதன் தத்தர் 1861இல் ‘மேகநாதவதம்’ காவியத்தை எழுதியபோதும், தமிழகத்தில் புலவர் குழந்தை 1946இல் ‘இராவண காவியம்’ வெளியிட்டபோதும், இராவணன் பக்கம் நின்று கதையைச் சொல்லும் துணிவு புலவர்களுக்கு வந்திருந்தது. களரியில் அந்தச் சாய்வு முன்னரே இருந்தது. பேராதனை அதற்கு உருவம் கொடுத்தது.

புலம்பல் காட்சியில் கூத்தின் இலக்கணம் வசன நாடகத்துக்கு வாய்க்காத ஒன்றைத் தருகிறது. களரியில் ஆடுபவர் ஓர் அடியைப் பாடினால் பிற்பாட்டுக்காரர் அதை ஏற்றுப் பாடுவர். அழுகையிலும் அப்படியே. தனியொருத்தியின் சொல் பலர் வாயில் திரும்ப ஒலிக்கும்போது அது ஊரின் அழுகையாகிறது. இழவு வீட்டில் ஒருத்தி ஒப்பாரி சொல்ல மற்றப் பெண்கள் கட்டிப்பிடித்துச் சேர்ந்தழும் வழக்கம் இவ்வூர்களில் எல்லாருக்கும் தெரிந்தது. மண்டோதரியின் பாட்டு அந்த வழக்கத்தோடு நேரே இணைகிறது. போர்க்காட்சிகளில் விரைந்தோடிய மத்தளம் இங்கே தாழ்ந்து பாட்டுக்கு வழிவிட வேண்டும். அண்ணாவியாரின் திறமையை மூத்தவர்கள் அளந்தது இத்தகைய இடங்களில்தான்: ஆட்டத்தை ஏற்றிவிடுவது பலருக்கும் வரும், அடக்கி நிறுத்துவது சிலருக்கே வரும்.

சபையோரின் பக்கமிருந்து பார்த்தாலும் மண்டோதரி புதியவளல்ல. மட்டக்களப்பின் பெருந்தெய்வம் கண்ணகி. வைகாசியில் கண்ணகியம்மன் கோயில்களில் கதவு திறந்து, வழக்குரை காதை படித்து, குளிர்த்தி பாடி முடிப்பர். கணவனை இழந்த ஒருத்தியின் துயரமும் சினமும் ஆண்டுதோறும் படித்துக் கேட்கப்படும் ஊர்களில், கணவனின் உடல்முன் நிற்கும் அரசியைச் சனம் சும்மா பார்த்திருக்காது. கண்ணகிக்கு நீதி கேட்க ஓர் அரசவை இருந்தது. குற்றமற்ற கணவன் இருந்தான். மண்டோதரிக்கு இரண்டும் இல்லை. யாரிடம் வழக்குரைப்பாள்? குற்றவாளியும் அவளுடையவன், கொல்லப்பட்டவனும் அவளுடையவன். கண்ணகியின் துயரத்துக்கு மதுரையை எரித்த பின்னர் ஒரு தணிவு கிடைக்கிறது, குளிர்த்தியும் பாடப்படுகிறது. மண்டோதரியின் துயரத்தைக் குளிர்விக்க எந்தச் சடங்கும் கிடையாது. இவ்விரு பெண்களையும் ஒரே சனம் ஒரே ஆண்டில் மாறி மாறிக் கேட்டதால்தான் மட்டக்களப்பு மண்டோதரிக்கு இத்தனை பாரம் ஏறியது என்று கொள்வதில் தவறில்லை.

1978 நவம்பரில் வீசிய சூறாவளி கல்குடாவையும் மட்டக்களப்பின் பெரும்பகுதியையும் சிதைத்தது. பின்னர் உள்நாட்டுப் போர். 2004 திசம்பர் 26இல் கடற்கோள் கல்குடா, பாசிக்குடாக் கரைகளில் ஏறியது. விடிய விடிய ஊர் கூடியிருக்கும் கலை ஊரடங்கும் இடப்பெயர்வும் நிறைந்த காலத்தில் ஆடப்படுவது அரிதாயிற்று. மகனைக் களத்தில் இழந்த தாய் என்ற மண்டோதரியின் நிலை, அந்த ஆண்டுகளில் இக்கரையின் பல வீடுகளில் நேரில் கண்ட நிலையாயிற்று. அக்காலத்திலும் ஆய்வு நின்றுவிடவில்லை. மௌனகுரு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு 1983இல் அளித்த கலாநிதிப்பட்ட ஆய்வு, ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ என்ற நூலாக 1998இல் வெளிவந்தது. களரியின் அமைப்பு, தாளக்கட்டு, உடுப்பு, பழக்கும் முறை என்று அண்ணாவிமாரின் நினைவில் மட்டும் இருந்தவை அதில் எழுத்தாயின.

வந்தாறுமூலையில் வளர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத்துறைப் பேராசிரியராக இருந்த மௌனகுரு, 2000களில் இராவணேசனைப் புதிய மாணவரைக் கொண்டு மீண்டும் தயாரித்தார். செல்லையா அண்ணாவியாரின் ஊரிலிருந்து பேராதனைக்குப் போன ஆட்டம் அவ்வூரின் பல்கலைக்கழகத்துக்கே வந்து சேர்ந்தது. சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் இன்னொரு வழியில் போயிற்று. மேடைக்காகக் கூத்தைச் சுருக்காமல், களரியிலேயே ஊர்மக்களோடு இருந்து, கதைகளில் பெண்களும் ஒடுக்கப்பட்டோரும் காட்டப்படும் விதத்தை அவர்களோடு பேசி மாற்றி எழுதுவது அதன் முறை. பெண்பாத்திரம் அழுவதற்கு மட்டும்தானா என்ற கேள்வி இங்கே வெளிப்படையாக எழுந்தது. மண்டோதரிக்கும் அது பொருந்தும் கேள்வி.

பெண்கள் கூத்தாட வந்ததும் இக்காலத்தின் பெரிய மாற்றம். ஆண் பெண்வேடம் கட்டியபோது மண்டோதரியின் அழகும் அழுகையும் முன்னே நின்றன. குரலைச் சன்னமாக்குவதிலேயே நடிகரின் கவனம் பாதி போய்விடும். மாணவியர் அச்சட்டத்தை எடுத்தபோது கணவனோடு வாதாடும் பகுதி வலுப்பெற வழி பிறந்தது. தாழ்ந்த குரலில், அசையாமல் நின்று, கேள்வி கேட்கும் அரசியாக அவளைக் காட்ட இடமுண்டாயிற்று. கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கூத்து இன்று பாடமாகப் பயிலப்படுகிறது. வடமோடித் தாளக்கட்டை அங்கே ஆண்களோடு பெண்களும் மிதிக்கிறார்கள். முன்னர் அரசருக்கும் வீரருக்கும் மட்டுமே என்றிருந்த ஆட்டங்களும் அவர்கள் கால்களுக்குப் பழகிவருகின்றன.